குலைக்குள்ளே ஒரு குடியரசு!

அச்சம் வந்தால் "ஈரக்குலை நடுங்கிற்று" என்கிறோம். பிள்ளைக்கு ஆபத்து என்று சேதி வந்தால், "ஈரக்குலையே பதறுதே!" என்று தாய் அலறுகிறாள். மூளையைச் சொல்லவில்லை, முதுகெலும்பைச் சொல்லவில்லை. ஈரக்குலையைச் சொன்னான் தமிழன். உயிரின் வேர் அங்கே ஓடியிருக்கிறது என்று அவன் எண்ணியிருக்க வேண்டும். மருத்துவ ஏடு புரட்டாமலே சொன்ன அந்தச் சொல்லிலே உண்மை நிறைய உண்டு. அந்த ஈரலைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

ஏன் இப்போது? காரணம் இருக்கிறது. மணப்பாறை வட்டாரத்துத் தோழர்கள் கேட்கிறார்கள்: "கெட்டுப்போன ஈரலை ஊசி போட்டே புதிதாக முளைக்க வைக்கிறார்களாமே! ஸ்டெம் செல் என்கிறார்களே! இலட்சக் கணக்கிலே பணம் கேட்கிறார்களாமே! உழவு மாட்டைச் சந்தைக்கு ஓட்டி, இருக்கும் மனையையும் விற்று, அந்தப் பணத்தைக் கட்டலாமா?"

நெஞ்சைத் தொடும் கேள்வி இது. மணப்பாறை மாடு என்றால் நாடறியும். அந்த மாட்டை விற்பவன், அடுத்த ஆண்டின் உழவையே விற்கிறான். அப்படி விற்ற பணம் எவன் பைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

பதிலை ஒரே சொல்லிலே சொல்லிவிடலாம்: கட்டாதே! ஆனால், யாரோ சொன்னார் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்வது நமக்குப் பழக்கமில்லை. ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆகவே, ஈரல் எப்படிப் பிறக்கிறது, காயம்பட்டால் எப்படித் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது, எப்போது அந்த ஆற்றல் தோற்றுப்போகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பிறகு மாட்டை விற்பதா, வேண்டாமா என்று நீங்களே தீர்ப்பளியுங்கள்.

வலது விலாவுக்கு உட்புறம், ஏறத்தாழ 1½ கிலோ எடையுடன் அமர்ந்திருக்கிறது கல்லீரல். குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போய்விட முடியாது. ஈரல் என்ற சுங்கச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும். சோற்றின் சத்தும் அங்கே வருகிறது, சாராயத்தின் நஞ்சும் அங்கே வருகிறது. சத்தைச் சேமிப்பதும் அதுவே, நஞ்சை முறிப்பதும் அதுவே. பித்தநீரைச் சுரப்பதும், காயத்தில் இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருளைச் செய்வதும் அதுவே. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1½ லிட்டர் இரத்தம் அதன் வழியே பாய்கிறது. ஞாயிறு விடுமுறை கிடையாது. இரவு வேலைக்குத் தனிப்படி கிடையாது. உடலிலே ஒரு பாட்டாளி உண்டென்றால், அது ஈரல்தான்!

நஞ்சோடு பழகும் பாட்டாளிக்குக் காயம் படாமலா இருக்கும்? படுகிறது, நாள்தோறும் படுகிறது. அதனால்தான் மற்ற உறுப்புகளுக்கு இல்லாத ஓர் ஆற்றல் அதற்கு வாய்த்திருக்கிறது.

பனையின் தலையை வெட்டினால், பனை செத்தது. வாழையை வெட்டினால்? அடியிலே கிழங்கு இருக்கிறது, கிழங்கிலே கன்று இருக்கிறது. பத்து நாள் கழித்துப் பாருங்கள், பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். நம் மூளையும் இதயமும் பனை வகை. போனது போனதுதான். ஈரலோ வாழை வகை. வாழைக்கும் குலை உண்டு, நமக்கும் குலை உண்டு, இரண்டும் தழைக்கும்.

1931-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே இக்கின்சு, ஆண்டர்சன் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். எலியின் ஈரலிலே மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். எஞ்சியது ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு வளர்ந்தது. இதே ஆய்வை உலகெங்கும் பலர் செய்து பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழப் பத்து நாளுக்குள் ஈரல் தன் பழைய எடையை எட்டிவிடுகிறது. இதிலே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பல்லிக்கு வால் முளைப்பது போல, வெட்டிய துண்டு வெட்டிய இடத்திலே முளைப்பதில்லை. எஞ்சி நின்ற மடல்கள் பருத்து, போனவற்றின் வேலையையும் தாங்கிக்கொள்கின்றன. பழைய வடிவம் திரும்புவதில்லை, பழைய வலிமை திரும்புகிறது. ஆலையிலே பத்துப் பேர் இல்லாத நாளில், வந்திருக்கும் ஐந்து பேர் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்வதுபோல!

சரி, வாழை தழைப்பதற்குக் கன்று காரணம். ஈரல் தழைப்பதற்கு யார் காரணம்? அங்கேயும் ஒரு கன்று ஒளிந்திருக்கிறதா? பல்லாண்டு காலமாக ஆராய்ச்சியாளர்களை அலைக்கழித்த கேள்வி இது. ஊசி விற்பவனின் வாணிபம் முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பதும் இந்தக் கேள்வியிலேதான்.

ஸ்டெம் செல் என்பதைத் தமிழிலே குருத்தணு என்று சொல்லலாம். குருத்து, நாளைக்கு இலையாகும், தண்டாகும், பூவாகும். இன்னதுதான் ஆவேன் என்று இன்னும் முடிவாகாத நிலை அது. அதுபோல, தன்னையும் பெருக்கிக்கொண்டு, பலவகை உயிரணுக்களாகவும் மாறவல்லது குருத்தணு. அதற்கு அடுத்த படியிலே இருப்பது முன்னோடி அணு. அது போகும் பாதை ஏறத்தாழ முடிவாகிவிட்டது, ஆனால் கடைசித் தொழில் இன்னும் முடிவாகவில்லை.

தாயின் வயிற்றிலே கரு வளரும் நான்காவது வாரம். குடலாகப் போகும் குழாயின் ஓரத்திலே, கடுகிலும் சிறிய அரும்பு ஒன்று கிளம்புகிறது. அதுதான் ஈரல். யார் கிளப்பியது? பக்கத்திலே உருவாகிக்கொண்டிருக்கும் இதயம்! இதயமாகப் போகும் தசைப்பகுதி தன் அருகிலே இருக்கும் அணுக்களுக்கு ஒரு வேதிப்பொருளின் வழியே சேதி அனுப்புகிறது. சேதி கிடைத்த அணுக்கள் ஈரலாகின்றன, கிடைக்காதவை ஆவதில்லை. கோழிக் கருவில் இதை ஆராய்ந்து காட்டிய பெருமை பிரான்சு நாட்டுப் பெண் அறிஞர் நிக்கோல் லெ துவாரன் அவர்களுக்கு உரியது. நெஞ்சின் அழைப்பிலேதான் ஈரக்குலை பிறக்கிறது என்பதைக் கேட்கும்போது, நம் பழஞ்சொல் இன்னும் இனிக்கிறது, இல்லையா?

அந்த அரும்பிலே உள்ள முன்னோடி அணுக்கள் இரண்டு தொழிலுக்கும் தகுதியானவை. சில, ஈரலின் உழைப்பாளி அணுக்களாகின்றன. சில, பித்தநீர் ஓடும் நாளங்களின் சுவர் அணுக்களாகின்றன. எது எதுவாகும் என்பதை எது முடிவு செய்கிறது? இருக்கும் இடமும், அங்கே கிடைக்கும் சேதியும்! மணப்பாறை முறுக்குக்கு 2023-இலே புவிசார் குறியீடு கிடைத்தது. முறுக்குச் சுடும் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். மாவு ஒன்றுதான், அச்சை மாற்றினால் வடிவம் மாறும். அதுபோல, குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரையை ஒட்டிய அணுக்களுக்கு, 'நாளமாகு' என்ற சேதி கிடைக்கிறது. தள்ளியிருப்பவை உழைப்பாளி அணுக்களாகின்றன. மாவிலே மேல் மாவு, கீழ் மாவு இல்லை!

இன்னொரு விந்தையும் உண்டு. கருவிலே வளரும் குழந்தைக்குப் பல மாதங்கள் இரத்தம் ஊறும் கிணறே ஈரல்தான். இரத்தத்தின் குருத்தணுக்கள் அங்கே குடியிருந்து பெருகி, பிறகு எலும்பு மச்சைக்குக் குடிபெயர்கின்றன. இதை நினைவிலே வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

குழந்தை பிறந்தது, வளர்ந்தது, ஈரலும் முதிர்ந்தது. இப்போது காயம் பட்டால், பழைய முன்னோடி அணு எங்காவது மிச்சம் இருந்து வேலை செய்கிறதா?

1956-இலே பார்பர் என்ற ஆராய்ச்சியாளர், நஞ்சூட்டப்பட்ட எலியின் ஈரலிலே முட்டை வடிவச் சிற்றணுக்கள் திரள் திரளாகப் பெருகுவதைக் கண்டு எழுதினார். பித்த நாளங்களின் தொடக்க முனையிலிருந்து அவை கிளம்பின. "இதோ, கன்று அகப்பட்டது! ஈரலைப் பெற்றெடுக்கும் தாய் அணு இதுதான்!" என்ற எண்ணம் பரவிற்று. பாடநூல்களிலே ஏறிற்று. நெடுங்காலம் அந்தச் சிற்றணு அரியணையிலே அமர்ந்திருந்தது.

ஆனால் அறிவியல் என்பது அரியணைக்கு முன்னே கைகட்டி நிற்கும் கூட்டமல்லவே! 1997-இலே ஒரு சோதனை. முதிர்ந்த, சாதாரணமான உழைப்பாளி அணுக்களை ஒரு சுண்டெலியிலிருந்து எடுத்து, ஈரல் பழுதான மற்றொரு சுண்டெலிக்குள் செலுத்தினார்கள். அவை பெருகி ஈரலை நிரப்பின. அதிலிருந்து எடுத்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தொடர்ந்தார்கள். குறைந்தது 69 முறை இரட்டிப்பாகியிருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். கூலிக்காரன் என்று எண்ணியிருந்தவனுக்குள்ளே, குருத்தின் வலிமை முழுவதும் இருந்தது!

2014-இலே இன்னும் தெளிவாயிற்று. அணுக்களுக்கு நிறக்குறி இட்டு, அவற்றின் வழித்தோன்றல்கள் எங்கெங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். சுண்டெலி ஈரலின் பெரும்பாலான பழுதுகளிலே, புதிய உழைப்பாளி அணுவைப் பிறப்பித்தது பழைய உழைப்பாளி அணுவே என்று தெரிந்தது. சிற்றணுவின் பங்கு மிக மிகக் குறைவு. அரியணை ஆடிற்று.

2015-இலே ஒரு புதிய பட்டாபிசேகம்! ஈரலின் நுண்கூறுகளிலே, நடுச்சிரையை ஒட்டியிருக்கும் அணுக்களே மற்றவற்றுக்கெல்லாம் தாய் என்று அமெரிக்காவின் இசுட்டான்போர்டிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலே அதுவும் கேள்விக்குள்ளாயிற்று. 2021-இலே அமெரிக்காவிலும் சீனாவிலும் வெளிவந்த ஆய்வுகள், சிரை ஓரத்திலும் இல்லாமல் நாள ஓரத்திலும் இல்லாமல், நடுப்பகுதியிலே இருக்கும் அணுக்களே அன்றாடப் புதுப்பிப்பிலே மிகுதியாகப் பங்கேற்கின்றன என்று காட்டின. ஓரத்து அணுக்கள் கெட்டால், எஞ்சியவை ஈடு செய்கின்றன. ஆக, "நான் ஒருவனே பிறப்பிக்கப் பிறந்தவன்" என்று சொல்லிக்கொள்ளத்தக்க தனிக்குலம் எதுவும் அங்கே அகப்படவில்லை. ஈரலுக்குள்ளே நடப்பது முடியாட்சியல்ல, குடியரசு!

அப்படியானால் பார்பர் கண்ட சிற்றணுக்கள் பொய்யா? பொய்யல்ல! அவை சேமப் படை. 2015-இலும் 2017-இலும் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் செய்த சோதனைகள் இதைக் காட்டின. உழைப்பாளி அணுக்கள் பெருகவே முடியாதபடி செய்துவிட்டு, பிறகு ஈரலைக் காயப்படுத்திப் பார்த்தார்கள். அப்போதுதான் பித்த நாளத்தின் பக்கத்திலிருந்து அணுக்கள் கிளம்பி வந்து, தம் தொழிலை மாற்றிக்கொண்டு, உழைப்பாளி அணுக்களாயின. நாளத்துச் சுவராய் நின்றவை உலைக்களத்துக்கு இறங்கின! பிறந்தபோது பெற்ற தொழில் கடைசி வரை விலங்காகக் கிடப்பதில்லை. தேவை அழைத்தால் மாறுகிறது. ஆனால், வாடிக்கைத் தொழிலாளி நலமாக இருக்கும்வரை, சேமப் படை வெளியே வருவதில்லை.

எத்தனை வேகமாக இந்தப் புதுப்பிப்பு நடக்கிறது? இதற்கு விடை கண்ட கதை சுவையானது. 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் வெளிவெளியே அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றிலே ஒருவகைக் கதிரியக்கக் கரி கூடிற்று. 1963 உடன்படிக்கைக்குப் பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. ஓர் அணு எந்த ஆண்டிலே பிறந்ததோ, அந்த ஆண்டின் அளவு அதன் மரபுப்பொருளிலே பதிந்துவிடுகிறது. அழிக்க வந்த குண்டு, வயதைச் சொல்லும் முத்திரையாயிற்று! இந்த முறையைக் கொண்டு 20 முதல் 84 வயது வரையுள்ளவர்களின் ஈரல் அணுக்களை ஆராய்ந்து, 2022-இலே முடிவை வெளியிட்டார்கள். எந்த வயதினரானாலும் ஈரலின் சராசரி வயது 3 ஆண்டுக்கும் குறைவு. எண்பது வயதுப் பாட்டனிடமும் இருப்பது மூன்று வயதுக்கு உட்பட்ட ஈரல்!

யார் கட்டளையிடுகிறார்கள்? எப்போது தொடங்கு, எப்போது நிறுத்து என்று சொல்வது யார்? 1967-இலே இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஒன்றின் ஈரலை வெட்டினார்கள். வெட்டுப்படாத மற்றதன் ஈரலும் வளரத் தொடங்கிற்று! சேதி இரத்தத்திலே போகிறது என்று விளங்கிற்று. 1984-இலே சப்பான் அறிஞர் நாகமுரா, ஈரலணுவை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தார். இன்று இப்படிப் பல சேதிப்பொருள்கள் தெரியும். வளர்ச்சி வேண்டிய அளவை எட்டியதும் நிறுத்தும் ஏற்பாடும் உண்டு. நிறுத்தத் தெரியாமல் வளர்வதற்குப் பெயர் புற்றுநோய். குருத்தணு ஊசி என்றதும் துள்ளிக் குதிப்பவர்கள் இதை மறக்கலாகாது. வளரவைப்பது பாதி வித்தை, வளர்ச்சியை நிறுத்துவது மறுபாதி.

எலிக் கதை போதும், மனிதக் கதைக்கு வருவோம். அதுவும் தமிழ்நாட்டுக் கதை, காஞ்சிபுரத்துக் கதை! 1998 நவம்பர். 20 மாதக் குழந்தை. பித்த நாளங்கள் அடைபட்டுச் சிதைந்துபோகும் பிறவி நோய். கருவிலே முன்னோடி அணுக்கள் கட்டவேண்டிய அந்த நாளங்கள் சீர்குலைந்தால், பித்தநீர் தேங்கி ஈரலையே அரித்துவிடும். தில்லியிலே அறுவை நடந்தது. தந்தை தன் ஈரலிலே ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவிலே வெற்றி பெற்ற முதல் ஈரல் மாற்று அறுவை அதுதான். தந்தையின் உடலிலே எஞ்சியது வளர்ந்தது. மகனின் உடலிலே வைத்த துண்டு, மகனோடு சேர்ந்து வளர்ந்தது. அந்தக் குழந்தை பின்னாளில் மருத்துவம் படித்து மருத்துவரானார்! தந்தைக்கு எவரும் குருத்தணு ஊசி போடவில்லை. அவருடைய ஈரலின் சாதாரண உழைப்பாளி அணுக்களே அந்த வேலையைச் செய்து முடித்தன.

இப்படித் தானே தழைக்கும் ஈரல் இருக்கையில், ஈரல் நோயால் மனிதர்கள் ஏன் சாகிறார்கள்? கேட்கவேண்டிய கேள்வி!

எலியின் ஈரலை வெட்டியவர்கள் ஒருமுறை வெட்டினார்கள், பிறகு ஆறவிட்டார்கள். குடிகாரன் நாள்தோறும் வெட்டுகிறான். மஞ்சள் காமாலைக் கிருமிகளிலே 'பி', 'சி' என்ற இரண்டும் உள்ளே குடியேறிக்கொண்டு, ஆண்டுக் கணக்கிலே அறுத்துக்கொண்டிருக்கின்றன. சர்க்கரை நோயும் தொந்தியும் சேர்ந்து ஈரலிலே கொழுப்பைத் திணிக்கின்றன. காயம் ஆறுமுன் காயம், அது ஆறுமுன் மற்றொரு காயம். ஈரலிலே விண்மீன் வடிவிலே சில அணுக்கள் உண்டு. அமைதிக் காலத்திலே வைட்டமின் 'ஏ'-யைச் சேமித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பவை. காயம் ஓயாமல் தொடர்ந்தால், அவை உருமாறி, நாரை நூற்றுத் தள்ளுகின்றன. உள்ளங்கை காய்த்துப் போவதுபோல ஈரல் காய்க்கிறது. நாரின் வலைக்குள்ளே உழைப்பாளி அணு சிறைப்படுகிறது, இரத்தம் தடைபடுகிறது. அணுவுக்குப் பெருகும் ஆசை இருக்கிறது, நிற்க இடமில்லை! வாழைக் கட்டை நன்றாகத்தான் இருக்கிறது, தோட்டத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் கன்று எங்கே முளைக்கும்? இதற்குத்தான் ஈரல் இறுக்கம், சிரோசிசு என்று பெயர். வயிற்றிலே நீர் கோப்பதும், இரத்த வாந்தி எடுப்பதும், நினைவு தப்புவதும் அதன் பின்விளைவுகள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை போன்ற கொடிய நஞ்சோ, இந்தத் தவணையும் கொடுக்காமல், உழைப்பாளி அணுக்களை ஒரே மூச்சிலே கொன்றுவிடுகிறது.

இனி, ஈரலின் உழைப்பைத் தன் பெயரிலே எழுதிக்கொள்பவர்களைப் பார்ப்போம்.

காமாலை வந்தால் கையிலே மருந்து கட்டுகிறவன் ஒருவன், மந்திரித்து மாலை போடுகிறவன் ஒருவன், பழுக்கக் காய்ச்சிச் சூடு போடுகிறவன் ஒருவன். கெட்ட தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலே தானே மறையும். உழைப்பாளி அணுக்கள் ஈரலைச் சீர்படுத்திவிடும். அதற்குள்ளே மாலை போட்டவன் பெயர் வாங்கிவிடுகிறான்! அதே மாலையை 'பி' கிருமிக்காரனுக்கும் போடுகிறான். கண்ணின் மஞ்சள் மறைகிறது, நோய் உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. பத்தாண்டு, இருபதாண்டு கழித்து இறுகிய ஈரலோடு அவன் வரும்போது, மாலை போட்டவன் எங்கே?

கீழாநெல்லி எப்படி என்று கேட்பீர்கள். பழித்துப் பேசாமல், பரப்பியும் பேசாமல், சோதித்தார்கள் சென்னையிலே. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசனும் அவர் குழுவினரும், 'பி' கிருமியைக் கண்டறிந்து 1976-இலே நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு 1988-இலே 'லான்செட்' ஏட்டிலே வந்தது. 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலே 1990-இலே செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அது நிலைநாட்டப்பட்ட மருந்தாகவில்லை. நம் மண்ணின் மூலிகை என்பதற்காகத் தள்ளவும் இல்லை, நம் மண்ணின் மூலிகை என்பதற்காகக் கொள்ளவும் இல்லை. சோதித்தார்கள்! அதுவே நேர்மை.

அதே அளவுகோலைக் குருத்தணு ஊசிக்கும் வைப்போம். ஐதராபாத்திலே அபீபுல்லா அவர்களும் அவருடன் பணியாற்றியவர்களும், கருவின் ஈரலிலிருந்து எடுத்த அணுக்களை நோயாளிக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வை 1994-இலேயே வெளியிட்டார்கள். 2010-இலே, முற்றிய ஈரல் இறுக்கம் உள்ள 25 பேருக்கு முன்னோடி அணுக்களைச் செலுத்தி, 6 மாதத்திலே முன்னேற்றம் கண்டதாக அந்த நகரத்து ஆய்வு சொன்னது. துணிச்சலான முயற்சி. ஆனால் 25 பேர் என்பது தொடக்கம், தீர்ப்பு அல்ல. பிரிட்டனிலே 81 பேரைக் கொண்டு, வேறுவகைக் குருத்தணுக்களை வைத்துச் செய்த ஒப்பீட்டுச் சோதனை 2018-இலே முடிவைச் சொன்னது: வழக்கமான மருத்துவத்தைவிட ஈரல் மேம்படவில்லை!

ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். ஈரலிலே ஆளுக்குப் பஞ்சமில்லை. உழைக்கும் அணு உண்டு, சேமப் படையும் உண்டு. பஞ்சம், அவை நின்று வேலை செய்யும் நிலத்துக்கு! சிமெண்டுத் தளத்தின்மேல் கன்றைக் கொண்டுவந்து கொட்டினால் தோப்பாகிவிடுமா?

குருத்தணு மருத்துவமே பொய் என்று நான் சொல்லவில்லை. கருவின் ஈரலிலிருந்து எலும்பு மச்சைக்குக் குடிபெயர்ந்த இரத்தக் குருத்தணுவைச் சொன்னேனே, அதைக் கொண்டு செய்யும் மச்சை மாற்று மருத்துவம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே 1986 முதல் நடக்கிறது; உயிர்களைக் காக்கிறது. ஈரலுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 நெறிமுறை, இரத்த நோய்களுக்கான மச்சை மாற்று நீங்கலாக மற்றவற்றை, ஒப்புதல் பெற்ற சோதனையாக மட்டுமே செய்யலாம் என்றது. சோதனைக்கு உட்படும் நோயாளியிடம் அதற்குக் காசு கேட்கக் கூடாது என்பது அந்த நெறி. ஆகவே, ஈரலுக்குக் குருத்தணு ஊசி என்று சொல்லி இலட்சம் கேட்பவனிடம், "இது சோதனையா, மருத்துவமா?" என்று கேளுங்கள். சோதனை என்றால் காசு ஏன்? மருத்துவம் என்றால் ஒப்புதல் எங்கே?

அப்படியானால் இறுகிய ஈரலுக்கு வழியே இல்லையா? இருக்கிறது! 2013-இலே 'லான்செட்' ஏட்டிலே வந்த ஒரு சேதியைச் சொல்கிறேன், மனத்திலே செதுக்கிக்கொள்ளுங்கள். 'பி' கிருமியால் ஈரல் இறுகிப்போன 96 பேருக்குத் தெனோபோவிர் என்ற மாத்திரையை 5 ஆண்டுகள் கொடுத்து, ஈரலிலிருந்து துளி எடுத்துப் பார்த்தார்கள். 71 பேருக்கு இறுக்கம் தளர்ந்து, ஈரல் இறுக்கம் என்ற நிலையே நீங்கியிருந்தது! அந்த மாத்திரை ஈரலை முளைக்க வைக்கும் மாத்திரையல்ல. கிருமியின் பெருக்கத்தை அடக்கும் மாத்திரை. காயம் நின்றது, நார் கரைந்தது, உழைப்பாளி அணு எழுந்தது. வெட்டும் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். மிச்ச வேலையை ஈரல் பார்த்துக்கொண்டது.

இந்த மாத்திரைக்கு மாட்டை விற்க வேண்டியதில்லை. 2018 சூலையில் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், 'பி', 'சி' இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'சி' கிருமிக்குப் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரை போதும், நூற்றுக்கு 95 பேருக்கு அடியோடு ஒழிகிறது. 'பி' கிருமி வராமலே தடுக்க ஊசி உண்டு. 1997-இலே ஐதராபாத்து சாந்தா நிறுவனம் அதை இந்தியாவிலேயே செய்து, விலையை ஏழைக்கு எட்டவைத்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களிலே. அரசு மருத்துவமனையிலே ஒரு காசு இல்லை. பிறக்கும்போது இந்தக் கிருமி தொற்றினால் 10-க்கு 9 குழந்தைகளிடம் அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்தவருக்குத் தொற்றினால் 20 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நிலைக்கிறது. முதல் நாள் ஊசியின் அருமை இப்போது தெரிகிறதா?

அதையும் கடந்து ஈரல் முற்றாகக் கெட்டவர்களுக்கு மாற்று அறுவை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலே அதற்கும் இடமுண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைக் கொடையளிக்கும் குடும்பத்துக்குத் தலைவணங்கி, அவருடைய இறுதிச் சடங்கிலே அரசு மரியாதை என்று 2023-இலே தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. சாம்பலாகப் போவது இன்னொருவனுக்குள்ளே தழைக்கட்டும் என்பதைவிட மேலான பகுத்தறிவு வேறென்ன இருக்கிறது!

தோழர்களே! குடிக்கிற தோழனுக்கு ஒரு வார்த்தை. உன் ஈரல் உன்னை மன்னிக்கும் ஆற்றல் உடையது. நீ நிறுத்திய நாளிலிருந்து அது செப்பனிடத் தொடங்கும். ஆனால் அது தவணை, பட்டா அல்ல. நார் முற்றிவிட்டால் தவணை முடிந்தது.

மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரித் தோழர்கள் செய்யவேண்டியது இது. படிப்பகத்துக்கு வருபவர்களிலே, எப்போதாவது இரத்தம் ஏற்றிக்கொண்டவர் யார், காமாலை வந்து நாட்பட்டவர் யார், வீட்டிலே ஒருவருக்குப் 'பி' கிருமி உள்ளவர் யார், பச்சை குத்திக்கொண்டவர் யார் என்று கேளுங்கள். அவர்களை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசிமுனை அளவு இரத்தம், ஒரு பரிசோதனை, ஒரு சீட்டு. இருந்தால் மருந்து உண்டு. இல்லையென்றால் தடுப்பூசி உண்டு. பிள்ளைப்பேறு பார்க்கும் வீட்டுக்கு முதல் நாள் ஊசியை நினைவூட்டுங்கள்.

மாடு தொழுவத்திலேயே இருக்கட்டும். நாளைக்கு உழவு இருக்கிறது.